மூன்றாம் நாளை எதிர்பார்த்தவர் யார்?

இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்துவ சமயத்தின் அடித்தள நம்பிக்கையாகும். ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழா இதனை ஒட்டியே கொண்டாடப்படுகிறது. இதனை ஏற்பவர் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால், வாதிடும் இரு தரப்பினரும் பல வேளைகளில் கடந்து சென்றுவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாம் நாளை அன்று யாராவது எதிர்பார்த்துக் காத்திருந்தார்களா?

சீடர்கள் எதிர்பார்த்தார்களா? அவரைக் கொல்லத் துடித்த பகைவர்கள் எதிர்பார்த்தார்களா? மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்தி நூல்களையும், அக்கால யூத வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வியப்பான ஒரு விடை கிடைக்கிறது.

சிலுவை நிகழ்வு குறித்து இசுலாம் வேறு கருத்தைக் கொண்டுள்ளது. அது தனியே பேசப்பட வேண்டிய பொருள். இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது நற்செய்தி நூல்கள் காட்டும் மனிதர்களின் மனநிலை மட்டுமே.

ஏன் இந்தக் கேள்வி முக்கியம்?

ஒருவர் ஒன்றைத் தீவிரமாக எதிர்பார்த்தால், அது நடந்துவிட்டதாகவே நம்பத் தொடங்கிவிடுவார் என்பது அனைவரும் அறிந்த உண்மை. இரவில் பேய் வரும் என்று அஞ்சுபவருக்குக் காற்றில் ஆடும் வாழை இலையும் பேயாகத் தெரியும். ஆகவே, இயேசு எழுந்து வருவார் என்று சீடர்கள் ஆவலோடு காத்திருந்தார்கள் என்றால், அவரைக் கண்டதாக அவர்கள் சொன்னது அந்த ஆவலின் விளைவே என்று எளிதாக விளக்கிவிடலாம்.

இந்தப் பொருளில் ஐரோப்பாவில் நீண்ட காலமாக விவாதம் நடந்து வந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் சாமுவேல் ரைமாருஸ் என்ற அறிஞர், சீடர்களே உடலைத் திருடிவிட்டுக் கதை கட்டினார்கள் என்று எழுதினார். 1768இல் அவர் மறைந்த பின்னரே அந்தக் குறிப்புகள் அச்சேறின. 1835இல் டேவிட் ஃபிரடெரிக் ஸ்ட்ராஸ் என்பவர், திருட்டு என்ற வாதத்தை விடுத்து, சீடர்களின் மனமே அக்காட்சிகளை உருவாக்கியது என்று விளக்கினார். திருட்டு என்றாலும் மனக்காட்சி என்றாலும், சீடர்கள் முன்பே என்ன எண்ணியிருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை காணாமல் அந்த விளக்கங்களை எடைபோட முடியாது.

முன்பே சொல்லப்பட்டதா?

நற்செய்தி நூல்களின்படி இயேசு தம் மரணத்தையும் உயிர்ப்பையும் முன்கூட்டியே அறிவித்தார். மாற்கு நூலில் 8, 9, 10 ஆகிய மூன்று அதிகாரங்களில் அடுத்தடுத்து மூன்று முறை இந்த அறிவிப்பு வருகிறது. தாம் துன்புற்றுக் கொல்லப்படுவதாகவும், மூன்று நாளுக்குப் பின் எழுவதாகவும் அவர் கூறுகிறார்.

அப்படியானால் சீடர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும் அல்லவா? இங்குதான் கவனம் தேவை. ஒவ்வொரு அறிவிப்புக்குப் பிறகும் சீடர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையும் அதே நூல் சொல்கிறது.

முதல் முறை சொன்னபோது, தலைமைச் சீடரான பேதுரு இயேசுவைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். கொல்லப்படுதல் என்ற சொல்லே பேதுருவின் காதில் விழுந்தது. எழுதல் என்ற சொல் விழவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது அவர்களுக்குப் பொருள் விளங்கவில்லை, கேட்கவும் பயந்தார்கள். அதற்குச் சற்று முன்னர், இறந்தோரிலிருந்து எழுதல் என்றால் என்னவென்று தங்களுக்குள் பேசிக்கொண்டதாகவும் மாற்கு எழுதுகிறார். மூன்றாம் முறை சொல்லி முடித்தவுடனே, யாக்கோபும் யோவானும் அவரிடம் வந்து, அரசாட்சி அமையும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். சிலுவையைப் பற்றிப் பேசும் தலைவரிடம் பதவியைக் கேட்கும் தொண்டர்கள்!

லூக்கா இன்னும் தெளிவாக, இவற்றில் எதையும் அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்றே எழுதிவிடுகிறார். ஆக, சொல் காதில் விழுந்தது; பொருள் மனத்தில் தங்கவில்லை. ஏன்?

யூதர்கள் எதிர்பார்த்த உயிர்த்தெழுதல்

உயிர்த்தெழுதல் என்ற சொல் அன்றைய யூதர்களுக்குப் புதிதன்று. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற தானியேல் நூலின் 12ஆம் அதிகாரத்தில், மண்ணில் உறங்குவோர் விழித்தெழுவார்கள் என்ற கருத்து இடம்பெறுகிறது. மக்கபேயர் இரண்டாம் நூலில், தங்கள் சமயச் சட்டத்தை மீற மறுத்து ஒரு தாயும் அவருடைய ஏழு புதல்வர்களும் கொல்லப்படும் வரலாறு வருகிறது. வெட்டப்படும் உறுப்புகளை இறைவன் மீண்டும் தருவார் என்ற உறுதியோடு அவர்கள் சாகிறார்கள்.

ஆனால், இந்த நம்பிக்கை உலக முடிவைச் சார்ந்தது. ஒரு நாள் வரும். அன்று நீதிமான்கள் அனைவரும் ஒன்றாக எழுவார்கள். நியாயத்தீர்ப்பு நடக்கும் என்பதே அதன் வடிவம். உலகம் வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும்போது, ஒரே ஒரு மனிதர் மட்டும் தனியே, அழியாத வாழ்வுக்கு எழுந்து வருவார் என்பது அதில் இல்லை.

இதற்கு யோவான் நூலே சிறந்த சான்று தருகிறது. லாசரு இறந்தபோது, உன் சகோதரன் உயிர்த்தெழுவான் என்று அவருடைய சகோதரி மார்த்தாளிடம் இயேசு ஆறுதல் கூறுகிறார். மார்த்தாளோ, கடைசி நாளில் நடக்கப்போகும் உயிர்த்தெழுதலைத்தான் அவர் குறிப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறார். இயேசுவின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவருக்கே அந்தச் சொல் அப்படித்தான் ஒலித்தது. சீடர்களுக்கும் அவ்வாறே ஒலித்திருக்க வேண்டும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். லாசரு, யாயீரின் மகள், நாயீன் ஊர் விதவையின் மகன் ஆகியோரை இயேசு எழுப்பியதாக இந்நூல்களே கூறுகின்றனவே? உண்மைதான். ஆனால், அவர்கள் பழைய வாழ்வுக்குத் திரும்பியவர்கள். பின்னொரு நாள் மீண்டும் இறந்திருப்பார்கள். மேலும், அவர்களை எழுப்பியவர் உயிரோடு நின்றார். எழுப்பியவரே இறந்துவிட்டால் அவரை எழுப்புவது யார்? சீடர்களின் கண்ணுக்கு அந்த வழியும் அடைபட்டே இருந்தது.

தோற்றுப்போன மேசியா

இன்னொரு தடையும் இருந்தது. மேசியா என்றால் இறைவனால் திருநிலைப்படுத்தப்பட்டவர் என்று பொருள். தாவீது மன்னரின் வழியில் வந்து, அயலவர் ஆட்சியை முறியடித்து, இஸ்ரயேலை நிமிரச் செய்யும் தலைவர் என்பதே மக்களிடையே பரவலாக இருந்த எதிர்பார்ப்பு. அப்படிப்பட்டவர் உரோமானியரின் சிலுவையில் தொங்கினால், அவர் மேசியா இல்லை என்பதற்கு வேறு சான்றே வேண்டாம். மரத்தில் தொங்கவிடப்பட்டவர் சாபத்துக்கு உள்ளானவர் என்று உபாகமம் 21ஆம் அதிகாரம் வேறு கூறுகிறது. சிலுவையில் மாண்ட மேசியா என்ற செய்தி யூதர்களுக்கு இடறலாக இருந்ததைப் பவுல் தம் கடிதத்தில் மறைக்காமல் எழுதுகிறார்.

இத்தகைய தோல்விகள் அந்த மண்ணுக்குப் பழக்கமானவை. கி.பி. 6இல் உரோமானியக் குடிக்கணக்கை எதிர்த்துக் கலிலேயனான யூதாஸ் கிளர்ச்சி செய்தார். கி.பி. 40களின் நடுப்பகுதியில் தெயுதாஸ் என்பவர் யோர்தான் ஆறு தமக்கு வழிவிடும் என்று கூறி மக்களைத் திரட்டினார். உரோமானியக் குதிரைப்படை அவருடைய தலையைக் கொய்தது. கி.பி. 132 முதல் 135 வரை உரோமை எதிர்த்துப் போரிட்ட பார் கோக்பாவை, ரபி அகிபா போன்ற பேரறிஞரே மேசியா என்று போற்றினார். அவரும் போரில் மாண்டார்.

இவர்களுடைய ஆதரவாளர்கள் என்ன செய்தார்கள்? சிதறிப் போனார்கள், அல்லது வேறு தலைவரைத் தேடினார்கள். எங்கள் தலைவர் கல்லறையிலிருந்து எழுந்துவிட்டார் என்று அவர்கள் அறிவித்ததாக வரலாற்றுக் குறிப்பு எதுவும் இல்லை. தலைவர் இறந்தால் இயக்கம் முடிந்தது என்பதே அன்றைய நடைமுறை. திருத்தூதர் பணி நூலில், கமாலியேல் என்ற யூத அறிஞர் இந்த நடைமுறையைச் சுட்டிக்காட்டித்தான், இயேசுவின் சீடர்களை விட்டுவிடுமாறு ஆலோசனை கூறுகிறார். இது மனிதர் செயலாக இருந்தால் தானாகவே அழிந்துவிடும் என்பது அவர் கணிப்பு.

வெள்ளி மாலை முதல் ஞாயிறு காலை வரை

ஒருவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதை அவர் சொல்லைவிடச் செயலே நன்கு காட்டும். அந்த மூன்று நாள்களில் இயேசுவைச் சார்ந்தவர்கள் செய்தவற்றைப் பாருங்கள்.

கைது நடந்த இரவிலேயே சீடர்கள் ஓடிவிட்டார்கள். பேதுரு மட்டும் பின்தொடர்ந்து சென்று, அவரை எனக்குத் தெரியாது என்று மும்முறை மறுதலித்தார். உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்தவர் பன்னிரு சீடர்களில் ஒருவர் அல்லர். அரிமத்தியா ஊர் யோசேப்பு என்ற ஆலோசனைச் சங்க உறுப்பினர். நிக்கொதேமு என்பவர் நூறு இராத்தல் அளவு வெள்ளைப்போளமும் அகிலும் கலந்த நறுமணப் பொருளைக் கொண்டுவந்ததாக யோவான் எழுதுகிறார். இன்றைய கணக்கில் இது சுமார் 33 கிலோ. மூன்று நாளில் எழுந்துவிடுவார் என்று நினைப்பவர் உடலுக்கு இவ்வளவு செலவு செய்வாரா?

அன்றைய எருசலேம் வழக்கத்தில், பாறைக் கல்லறையில் உடலைக் கிடத்துவார்கள். ஓராண்டு அளவில் சதை அழிந்த பின்னர், எலும்புகளைச் சேகரித்துக் கல் பேழையில் வைப்பார்கள். அத்தகைய பேழைகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 1968இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்றில், சிலுவையில் அறையப்பட்ட யெகோகனான் என்பவரின் குதிகால் எலும்பு ஆணியோடே இருந்தது. யோசேப்பும் நிக்கொதேமுவும் மனத்தில் கொண்டிருந்தது இந்த வழக்கமான முடிவைத்தான்.

ஓய்வுநாள் முடிந்த ஞாயிறு அதிகாலையில் பெண்கள் சிலர் கல்லறைக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது உடலுக்குப் பூசும் நறுமணப் பொருள். கல்லறை வாயிலில் இருக்கும் பெரிய கல்லை யார் புரட்டித் தருவார்கள் என்பதே வழியில் அவர்களுடைய கவலை. எழுந்து வருபவரை வரவேற்கப் போகிறவர்கள் இப்படியா பேசிக்கொண்டு போவார்கள்? கல்லறை வெறுமையாக இருப்பதைக் கண்டபோதும், மகதலேனா மரியாளுக்கு முதலில் தோன்றிய விளக்கம், யாரோ உடலை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்பதே. எதிரில் நின்றவரைத் தோட்டக்காரர் என்று எண்ணி, உடலை எங்கே வைத்தீர் என்று கேட்கிறார்.

மூன்றாம் நாள் காலையில் எதிர்பார்ப்போடு கல்லறை அருகே காத்திருந்த சீடர் ஒருவர்கூட நான்கு நூல்களிலும் இல்லை.

நம்ப மறுத்தவர்கள் சீடர்களே

செய்தி வந்த பிறகாவது, ஆகா, அவர் சொன்னபடியே நடந்துவிட்டது என்று மகிழ்ந்தார்களா? அதுவும் இல்லை. பெண்கள் வந்து சொன்னதைச் சீடர்கள் வெற்றுப் பேச்சு என்று தள்ளியதாக லூக்கா எழுதுகிறார்.

அதே நாளில் எருசலேமிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் இருந்த எம்மாவு என்ற ஊருக்கு இருவர் நடந்து போனார்கள். இஸ்ரயேலை மீட்கப் போகிறவர் இவரே என்று தாங்கள் நம்பியிருந்ததாக, வழியில் உடன் வந்த ஒருவரிடம் அவர்கள் சொல்கிறார்கள். நம்பியிருந்தோம் என்ற அந்த இறந்தகாலச் சொல்லில் முழுக் கதையும் அடங்கிவிடுகிறது. கல்லறை வெறுமையாக இருந்த செய்தியும் அவர்களுக்குத் தெரியும். அது தெரிந்தும் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தோமாவின் ஐயம் உலகறிந்தது. ஆணிக் காயத்தைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்றவர் அவர். தமிழகத்தில் மயிலாப்பூரோடும் பரங்கிமலையோடும் தொடர்புபடுத்திப் பேசப்படும் புனித தோமையார் இவரே. ஆனால் தோமா மட்டுமே ஐயப்பட்டார் என்று நினைப்பது தவறு. கலிலேயா மலையில் இயேசுவைக் கண்டபோதும் சிலர் ஐயப்பட்டதாக மத்தேயு குறிப்பிடுகிறார்.

இறந்தவர் எழ வேண்டும் என்ற மறைநூல் வாக்கை அதுவரை சீடர்கள் உணரவில்லை என்று யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஏசாயா நூலின் துன்புறும் ஊழியன், ஓசேயா நூலில் வரும் மூன்றாம் நாள், யோனாவின் கதை ஆகியவற்றை இயேசுவோடு இணைத்துப் படிக்கும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. கண்டதாக நம்பிய பிறகு பழைய நூல்களைத் திருப்பிப் பார்த்தார்கள் என்றே இந்நூல்கள் சொல்கின்றன.

பகைவர்கள் எதிர்பார்த்தது என்ன?

இனி மறு தரப்பைப் பார்க்கலாம். மத்தேயு நூலின் 27ஆம் அதிகாரத்தில் மட்டும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அடக்கத்திற்கு மறுநாள் தலைமைக் குருக்களும் பரிசேயர்களும் ஆளுநர் பிலாத்துவிடம் செல்கிறார்கள். மூன்று நாளுக்குப் பின் எழுவேன் என்று அவர் உயிரோடிருக்கையில் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கிறது என்கிறார்கள். கல்லறைக்குக் காவல் போடும்படி கேட்கிறார்கள். கல்லுக்கு முத்திரையும் வைக்கப்படுகிறது.

நண்பர்கள் மறந்ததைப் பகைவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்! ஆனால், அவர்கள் உயிர்ப்பை எதிர்பார்த்தார்களா என்றால், இல்லை. சீடர்கள் உடலைத் திருடிவிட்டு, எழுந்துவிட்டார் என்று பரப்புவார்கள் என்பதே அவர்களுடைய அச்சம். அவர்கள் எதிர்பார்த்தது திருட்டு.

வேறு விதமாக அவர்களால் எண்ணியிருக்கவும் முடியாது. தலைமைக் குருக்களின் குடும்பங்கள் சதுசேயர் பிரிவோடு நெருங்கிய தொடர்புடையவை. சதுசேயர்கள் உயிர்த்தெழுதல் என்ற கொள்கையையே மறுத்தவர்கள். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸும் இதனைப் பதிவு செய்துள்ளார். பரிசேயர்கள் அதனை ஏற்றாலும், அது உலக முடிவுக்கு உரியது. அன்றைய தலைமைக் குரு காய்பா வரலாற்று மனிதர். அவருடைய குடும்பத்தினருடையது எனக் கருதப்படும் கல்லறை 1990இல் எருசலேமில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்த எலும்புப் பேழை ஒன்றில் காய்பாவின் மகன் யோசேப்பு என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது.

சீடர்களுக்குத் தனியே சொன்னது பகைவர்களுக்கு எப்படித் தெரியும்? மத்தேயுவே 12ஆம் அதிகாரத்தில் விடை வைத்திருக்கிறார். அடையாளம் கேட்ட மறைநூல் அறிஞரிடமும் பரிசேயரிடமும், மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவை இயேசு உவமையாகச் சொல்கிறார். ஆகவே, மத்தேயுவின் கதைக்குள் இது பொருந்தியே வருகிறது.

ஆயினும், இந்தக் காவல் நிகழ்ச்சியின் வரலாற்று உறுதியை அறிஞர் பலர் ஏற்பதில்லை. மற்ற மூன்று நூல்களில் இது இல்லை. மாற்கு காட்டும் பெண்களுக்குக் காவலர் பற்றிய கவலையே இல்லை. சீடர்களே உடலைத் திருடினார்கள் என்ற பேச்சு தம் காலம் வரை யூதரிடையே பரவியிருந்ததாக மத்தேயு குறிப்பிடுவதால், அதற்கு மறுமொழியாக எழுந்ததே இந்த வரலாறு என்பது அவர்கள் வாதம். இக்கதை பின்னர் எப்படிப் பெருகியது என்பதற்கும் சான்று உண்டு. எகிப்தின் அக்மிமில் 1886-87 குளிர்காலத்தில் கண்டெடுக்கப்பட்ட பேதுரு நற்செய்தி என்ற நூலில், காவல் தலைவருக்குப் பெட்ரோனியுஸ் என்று பெயரே வந்துவிடுகிறது, முத்திரைகளும் ஏழாகிவிடுகின்றன.

காவல் நடந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், பகைவர் மனநிலை குறித்த செய்தி ஒன்றே. அவர்களைப் பொறுத்தவரை சிலுவையோடு வழக்கு முடிந்தது.

ஒரு விதிவிலக்கும் உண்டு. திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டச் செய்த ஏரோது அந்திப்பா, இயேசுவின் புகழைக் கேட்டதும், தான் கொன்ற யோவானே எழுந்து வந்துவிட்டார் என்று கலங்கியதாக மாற்கு 6ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். தனி மனிதர் ஒருவர் எழுந்து வருவதை அன்று யாராலும் கற்பனை செய்யவே முடியாது என்று சொல்லிவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. ஆனால், அது குற்றமுள்ள நெஞ்சின் அச்சம். யோவானின் சீடர்கள் அப்படிச் சொன்னதாக இல்லை. அவர்கள் வந்து உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள் என்றே அதே அதிகாரம் முடிக்கிறது.

எதிர்வாதங்கள் என்ன?

சீடர்கள் எதிர்பார்க்கவில்லை என்ற முடிவுக்கு எதிராகச் சில வலுவான கேள்விகள் உள்ளன. அவற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது கேள்வி: இயேசு அவ்வளவு தெளிவாக முன்னறிவித்திருந்தால் ஒருவர்கூடவா நினைவில் வைத்திருக்கமாட்டார்? 20ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மான் போன்றோர், அந்த முன்னறிவிப்புகள் நிகழ்வுக்குப் பின்னர் எழுதிச் சேர்க்கப்பட்டவை என்றனர். மாற்கு நூல் கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அதாவது நிகழ்வுக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து. வேறு சிலர் நடுவழி ஒன்றைக் காட்டுகின்றனர். தமக்கு ஆபத்து வரும், இறைவன் தம்மைக் கைவிடமாட்டார் என்று இயேசு பொதுவாகச் சொல்லியிருக்கலாம். பின்னர் அது கூர்மை பெற்றிருக்கலாம் என்கின்றனர். இவற்றில் எதை ஏற்றாலும், சீடர்கள் எதிர்பார்க்கவில்லை என்ற முடிவு மேலும் உறுதிப்படுகிறதே தவிரக் குறையவில்லை.

இரண்டாவது கேள்வி: இறந்து எழும் மேசியா என்ற எண்ணம் யூதரிடையே முன்பே இருந்ததா? சாக்கடல் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒரு கல், 2008இல் இதனால் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள அதில், 87 வரிகள் மையால் எழுதப்பட்டுள்ளன. மங்கிய ஒரு வரியை இஸ்ரேலிய அறிஞர் இஸ்ரேல் நோல், மூன்று நாளில் உயிர்பெறு என்று படித்தார். இயேசுவுக்கு முன்பே இந்த நம்பிக்கை இருந்ததற்கு இதுவே ஆதாரம் என்றார். மற்ற அறிஞர்கள் அந்தச் சொல்லை அடையாளம் என்று படித்தனர். பின்னர் நோல் அவர்களும் தம் வாசிப்பைக் கைவிட்டார்.

மூன்றாவது கேள்வி மனவியல் சார்ந்தது. 1954இல் அமெரிக்காவில் பெருவெள்ளம் வரும் என்று காத்திருந்த சிறு குழுவை ஆராய்ந்த லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர், எதிர்பார்ப்பு பொய்த்தால் நம்பிக்கை மேலும் தீவிரமாகக்கூடும் என்று 1956இல் எழுதினர். சீடர்களுக்கும் இதுவே நேர்ந்தது என்று கூறுவோர் உண்டு. அந்த ஆய்வு நடத்தப்பட்ட முறை குறித்து அண்மைக் காலத்தில் கடுமையான ஐயங்கள் எழுப்பப்பட்டுள்ளன. எனினும் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சீடர்கள் இறையாட்சியை எதிர்பார்த்தார்கள். அது சிலுவையில் நொறுங்கியது என்பது உண்மையே.

அமெரிக்க அறிஞர் டேல் ஆலிசன் இதனை இன்னும் நுட்பமாக எடுத்துரைக்கிறார். உலக முடிவு நெருங்கிவிட்டது, பெருந்துன்பம் வரும், பிறகு அனைவரும் எழுவார்கள் என்று இயேசுவின் குழுவினர் எதிர்பார்த்தனர். ஆகவே தலைவரின் மரணத்தை அந்தத் துன்பமாகவும், அவர் தோன்றியதை அந்த உயிர்ப்பின் தொடக்கமாகவும் அவர்கள் விளங்கிக்கொண்டனர் என்பது அவர் கருத்து. பவுலும் இயேசுவை முதற்பலன் என்று அழைக்கிறார். அறுவடையில் முதலில் இறைவனுக்குப் படைக்கப்படும் கதிர்க்கட்டைக் குறிக்கும் சொல் அது. பொது உயிர்ப்பை எதிர்பார்த்தவர்கள் அதில் ஒரு கதிர் முந்திவிட்டதாகப் புரிந்துகொண்டார்கள்.

இதற்கு மாறாக, ஆங்கிலேய அறிஞர் என்.டி. ரைட் 2003இல் வெளியிட்ட பெரிய நூலில், யூத நம்பிக்கையில் இத்தகைய திடீர் மாற்றம் ஏற்படக் கல்லறை வெறுமையானதும் நேரில் கண்டதும் ஆகிய இரண்டும் தேவை என்று வாதிடுகிறார். விவாதம் இன்னும் முடியவில்லை.

எதிர்பாராத இருவர்

சீடர் வட்டத்திற்கு வெளியே இருந்த இருவரையும் கவனிக்க வேண்டும். ஒருவர் இயேசுவின் சகோதரர் யாக்கோபு. சகோதரர்கள் இயேசுவை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். அவர் மதிமயங்கிவிட்டார் என்று எண்ணி உறவினர்கள் பிடித்துக் கொண்டுபோக வந்ததாக மாற்கு எழுதுகிறார். அதே யாக்கோபு பின்னர் எருசலேம் திருச்சபையின் தலைவராகி, கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யோசேபஸ் பதிவு செய்துள்ளார்.

மற்றவர் பவுல். திருச்சபையைத் துன்புறுத்திய பகைவர் தாம் என்பதை அவரே தம் கடிதங்களில் ஒப்புக்கொள்கிறார். கி.பி. 54ஐ ஒட்டி எழுதிய கொரிந்தியர் முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், இயேசுவைக் கண்டவர்களின் பட்டியலைத் தருகிறார். அதில் பேதுரு, யாக்கோபு ஆகியோரின் பெயர்களும், கடைசியில் அவர் பெயரும் உண்டு. பேதுருவையும் யாக்கோபையும் நேரில் சந்தித்ததாகக் கலாத்தியர் கடிதத்தில் கூறுகிறார். ஆசைப்பட்டு எதிர்பார்த்ததால் கண்டார் என்று பவுலைப் பற்றிச் சொல்வது கடினம். குற்ற உணர்வு அவருக்குள் வேலை செய்திருக்கலாம் என்று கூறுவோர் உண்டு. ஆனால் தம் பழைய வாழ்வைப் பற்றி அவர் எழுதும் இடங்களில், அக்காலத்தில் மனம் உறுத்தியதாக அவர் சொல்லவில்லை.

முடிவாக

நற்செய்தி நூல்கள் காட்டும் வரையில், உயிர்ப்பை எவரும் எதிர்பார்க்கவில்லை. நண்பர்கள் அழியும் உடலுக்கு நறுமணம் பூசப் போனார்கள். பகைவர்கள் திருட்டுக்குக் காவல் போட்டார்கள். திருச்சபையின் தூண்களாக மதிக்கப்பட்டவர்களை மந்தபுத்தி உடையவர்களாகவும், பயந்தவர்களாகவும், ஐயப்பட்டவர்களாகவும் காட்டும் இச்செய்திகள் திருச்சபையினரே எழுதியவை. தங்கள் தலைவர்களுக்குப் பெருமை சேர்க்காத ஒன்றை நான்கு நூல்களும் ஒருமுகமாகச் சொல்வதால், பல அறிஞர்கள் இதனை நம்பத்தக்கதாகக் கருதுகின்றனர். சீடர்களின் ஐயத்தைக் காட்டினால் பின்வந்த நம்பிக்கைக்கு வலு கூடும் என்பதற்காகவே அப்படி எழுதினார்கள் என்று மறுப்போரும் உள்ளனர். பகைவர் பற்றிய பகுதி ஒரே நூலில் நிற்பதால் அதன் எடையும் குறைவே.

இதனால் உயிர்ப்பு மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதா? இல்லை. எதிர்பாராத ஒன்று நடந்ததாக ஒருவர் சொல்வதாலேயே அது நடந்ததாகிவிடாது. துயரத்தில் இருப்பவருக்கு எதிர்பார்ப்பு இல்லாமலேயே இறந்தவரின் உருவம் தோன்றுவதும் உலகில் உண்டு. ஆனால், ஆசைப்பட்டுக் காத்திருந்தார்கள், அதனால் கண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடும் எளிய விளக்கத்திற்கு இனி இடமில்லை. அதேபோல், அவர் சொன்னார், அவர்கள் நம்பினார்கள், அப்படியே நடந்தது என்ற எளிய பக்திப் பேச்சுக்கும் இந்நூல்கள் இடம் தரவில்லை.

கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்திருந்த அந்தச் சிலர், சில வாரங்களிலேயே எருசலேம் தெருக்களில் நின்று பேசத் தொடங்கினார்கள். அவர்களில் சிலர் அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். இடையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு நம்புபவர் ஒரு விடையும் நம்பாதவர் வேறொரு விடையும் கூறலாம். எந்த விடையானாலும், கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்பட்டபடி நடந்த அந்தப் பெண்களிடமிருந்தே அது தொடங்க வேண்டும்.